சுவா மாகாணத்தின் காணாமல் போன முத்திரை

ஒரு மாகாணத்தைக் கலைக்க ஓர் ஆணையும் நாலு குதிரையும் போதும் என்று தலைநகரமான நாராவில் நினைத்தார்கள். சுவா மாகாணம் கலைய மாட்டேன் என்றது. அதன் முத்திரையைக் காணவில்லை.

பத்து வருடங்களுக்கு முன்பு, ஷினானோ என்ற பெரிய மாகாணத்திலிருந்து ஓர் ஏரியையும் அதைச் சுற்றிய மலைகளையும் பிய்த்தெடுத்து, சுவா என்று பெயர் சூட்டி, ஓர் ஆளுநரையும் உட்கார வைத்தார்கள். ஏன் பிய்த்தோம் என்று பிய்த்தவர்களுக்கே மறந்துபோன நேரத்தில், திரும்ப ஒட்டிவிடும்படி ஆணை வந்தது. ஒட்டுவதற்கு முன் மாகாணத்தின் வெண்கல முத்திரையை நாராவில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதுவரை சுவாவுக்குச் சாகவும் வழியில்லை, வாழவும் வழியில்லை.

அதைத் தேடத்தான் என் எஜமானர் அபிகோ தாரிஹிதோவை அனுப்பினார்கள். காணாமல் போன பொருள்களைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச நாராவில் ஆள் இல்லை. முட்டிவலிக்காரர். உட்கார இடம் கிடைத்தால்தான் மூளை நடக்கும். கூட வந்தவன் நான், கோமுஷி. கிழட்டுக் குதிரையின் பல்லை ராவி இளசு என்று விற்கும் சந்தையில் இருபது வருடம் தரகு பார்த்தவன். மோசடி என் மூக்குக்கு முன்னால் நடந்தால் வாசனை வந்துவிடும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆளுநர் மாளிகையின் வாசலில் ஷினானோ ஆட்கள் கூடாரம் போட்டு மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மாகாணத்தை அளந்து எடுத்துக்கொள்ள வந்தவர்கள். கயிறுகூடக் கொண்டுவந்திருந்தார்கள்.

"எப்பங்க சாகும்?" என்று அவர்களின் தலைவன் எங்களைப் பார்த்துக் கேட்டான்.

"யாரு?"

"மாகாணம்."

"நாங்க வைத்தியம் பாக்க வரலைய்யா. பொணத்தைத் தேடி வந்திருக்கோம்" என்றேன்.

உள்ளே ஆளுநர் மகாமி ஒகிமோரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். உருண்டையான மனிதர். இந்தக் குளிர்ப் பிரதேசத்துக்கு வேறு யாரும் வர ஒப்பாததால் பத்து வருடமும் அவரே ஆளுநர்.

"வீணா அலைஞ்சுட்டீங்க. திருடனைப் பிடிச்சாச்சு. பெட்டிக்குக் காவல் இருந்த உஷிதேதான். நீங்க ஒரே ஒரு வரி எழுதினா போதும். நாளைக்கே அவனை நாடு கடத்தி ஓகி தீவுக்கு ஏத்திடலாம்."

"முத்திரை?" என்றார் தாரிஹிதோ.

"ஏரியில வீசிட்டான்."

"ஒப்புக்கிட்டானா?"

"இன்னும் இல்ல. ஒப்புக்குவான். அடிச்சிக்கிட்டுத்தான் இருக்கோம்."

தாரிஹிதோ அங்கிருந்த பாயில் உட்காரவே இல்லை. அது கோபத்தின் அடையாளம் என்று எனக்குத் தெரியும். "ஆளைக் காட்டுங்க" என்றார்.

உஷிதேயைக் குதிரை லாயத்தில் தூணோடு கட்டிப் போட்டிருந்தார்கள். முதுகு, உழுத வயல் மாதிரி இருந்தது. அவன் மனைவி இனாமே பக்கத்தில் உட்கார்ந்து தினைக் கஞ்சியை அவன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கரண்டியை ஆயுதம் போலப் பிடித்தாள்.

"நீங்களும் அடிக்க வந்தீங்களா? அடிக்க இடம் எங்க இருக்குன்னு பாத்துட்டு அடிங்க."

"கேக்க வந்தோம்மா" என்று தாரிஹிதோ வைக்கோலில் உட்கார்ந்தார். "உஷிதே, நீ எடுத்தியா?"

"இல்லீங்க ஐயா."

"பக்கத்து வீட்டு வாத்து நம்ம தோட்டத்துல முட்டை போட்டாலே, கொண்டுபோய்க் குடுத்துட்டு மன்னிப்பும் கேட்டுட்டு வர்ற மனுஷன் இவரு" என்றாள் இனாமே. "இவரு திருடுறதா இருந்தா எனக்கு இந்நேரம் ஒரு நல்ல சேலையாவது இருந்திருக்கும்."

அவள் சொன்ன ஆடையின் பெயர் வேறு. வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.

"எத்தனை வருஷமா காவல்?"

"மாகாணம் பொறந்த நாள்லேர்ந்து" என்றான் உஷிதே. "பனிக்காலத்துல நெருப்பு வைக்கக்கூடாதுன்னு உத்தரவு. பெட்டி பத்திக்குமாம். ரெண்டு கால் விரல் போயிடுச்சு. பரவால்லீங்க, வலது கால்ல அஞ்சும் இருக்கு."

"முத்திரையைப் பாத்திருக்கியா?"

"பெட்டியைப் பாத்திருக்கேன்."

"முத்திரையைக் கேட்டேன்."

உஷிதே தயங்கினான். "என்னை மாதிரி ஆளுங்க அதைப் பாக்கக்கூடாதுன்னு குமாஸ்தா தாமுகே சொல்லியிருந்தாருங்க. உத்தரவுல குத்தணும்னா அவரே பெட்டியை உள்ள எடுத்துட்டுப் போவாரு. குத்திட்டு அவரே கொண்டுவந்து வைப்பாரு. நான் சுவரைப் பாத்துக்கிட்டு நிப்பேன்."

"கோடையில?"

"கோடையில எடுக்கவே மாட்டாருங்க."

"ஏன்?"

"கோடையில இங்க ஒண்ணும் நடக்காதுங்களே" என்று இனாமே குறுக்கிட்டாள். "எல்லைத் தகராறுன்னு போங்க, வழிச்சீட்டு வேணும்னு போங்க. 'இலையுதிர்காலம் கழிச்சு வா'ன்னுதான் பதில். எங்க அத்தை மகன் வழிச்சீட்டுக்குக் காத்திருந்தே கல்யாணத்தைக் கோட்டை விட்டான். பொண்ணு வேற ஆளைப் பாத்துக்கிட்டா."

தாரிஹிதோ என்னைப் பார்த்தார். "கோமுஷி, கோடை விடுமுறை எடுக்கற வெண்கலத்தை நீ பாத்திருக்கியா?"

"வெண்கலத்தைப் பாத்ததில்லீங்க ஐயா. அதிகாரியைப் பாத்திருக்கேன்."

பெட்டியைக் கொண்டுவரச் சொன்னோம். கொண்டுவந்தவர் குமாஸ்தா தாமுகே. மெலிந்த உடம்பு, குனிந்த கழுத்து, விரல் நுனிகளில் முத்திரை மசியின் சிவப்பு. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மூன்று முறை வணங்கினார்.

நல்ல தேவதாரு மரப்பெட்டி. உள்ளே ஊதாப் பட்டுத் திண்டு. ஒரு முத்திரை படுத்துறங்குவதற்கென்றே தைத்தது.

தாரிஹிதோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்டை விரலால் அழுத்தினார். அது புசுபுசுவென்று மேலே எழும்பியது. நாசியருகே கொண்டுபோய் மோந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"என்ன தெரியுது?"

"புது மாப்பிள்ளைப் படுக்கை மாதிரி இருக்கு. கசங்கவே இல்ல."

"ஒரு கைப்பிடி வெண்கலம் பத்து வருஷம் இதுல படுத்திருக்கு. பள்ளம் இருக்கணுமா, இல்லையா? மசியில முக்கின முகம் இது. பட்டுல ஒரு துளி சிவப்பு இருக்கணுமா, இல்லையா?"

"நான்... நான் ரொம்ப சுத்தமா துடைச்சுத்தான் வைப்பேன்" என்றார் தாமுகே.

"விரலைத் துடைக்கத் தெரியாதவரு முத்திரையை மட்டும் துடைச்சீங்களா?" என்றேன்.

அவர் கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார். ஆமை தலையை இழுப்பது போல.

தாரிஹிதோ பெட்டியை மூடினார். "முத்திரை இந்தப் பெட்டியிலேர்ந்து காணாமப் போகல. இந்தப் பெட்டிக்குள்ள அது என்னிக்குமே இருந்ததில்ல."

"அப்போ எங்கே இருந்துச்சு?" என்றேன்.

"அது குத்தின இடத்துலேர்ந்து பின்னாடி நடப்போம். கிடங்குக்குப் போ."

வரியாக வந்த சணல் துணி கிடங்கில் சுருள் சுருளாக அடுக்கியிருந்தது. ஒவ்வொரு சுருளின் முனையிலும் சதுரமாகச் சிவப்பு முத்திரை. அது இருந்தால்தான் துணி வரித்துணி. இல்லாவிட்டால் வெறும் துணி. தாரிஹிதோ ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் அமர்ந்துகொண்டு, சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொன்னார். போன இலையுதிர்காலத்தில் வந்தது அடியில், போன மாதம் வந்தது மேலே. நான் தூக்கினேன், அவர் பார்த்தார். முதலாளி-வேலையாள் உறவு என்பது அதுதான்.

"இலையுதிர்காலத்து முத்திரை மேல உன் கையை வை" என்றார்.

வைத்தேன். நாலு விரல் அகலம். நன்றாகக் கொழுத்த முத்திரை.

"பனி விழுந்த மாசத்து மேல?"

மூன்றரை விரல்.

"போன மாசம்?"

மூன்றே விரல். அதிலும் ஓரம் சுருங்கிப்போய், எழுத்துகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. இடது மூலையில் யாரோ கடித்தது மாதிரி ஒரு சின்ன வளைவு வேறு.

"ஐயா, இது குதிரை மாதிரில்ல இருக்கு? புல் இருக்கறப்போ கொழுக்குது, பனிக்காலத்துல இளைக்குது!"

"அதுக்கு முந்தின வருஷத்துத் துணி எங்கே?"

"நாராவுக்குப் போயிடுச்சே. எல்லாம் வெட்டித் தைச்சு, யாராவது போட்டுக்கிட்டு..."

சொல்லும்போதே நாக்கு நின்றுவிட்டது. நான் அணிந்திருந்த கால்சட்டை, நாராவின் கிழக்குச் சந்தையில் வாங்கிய சுவாத் துணி. மலிவாகக் கிடைத்தது. காரணம், தையல்காரன் முத்திரையிருந்த முனையை வீணாக்க மனமில்லாமல் பின்பக்கத்தில் வைத்துத் தைத்திருந்தான்.

"திரும்பு" என்றார் தாரிஹிதோ.

"ஐயா, கிடங்குக் காவல்காரன் பாக்கறான்."

"அரசாங்கக் காரியம். திரும்பு."

திரும்பிக் குனிந்தேன். ஒரு மாகாணத்தின் மேல் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன் என்ற பெருமை அப்போதுதான் வந்தது. என் எஜமானர் மூக்கு உரசும் தூரத்தில் வந்து அளந்தார்.

"நாலு விரல். இலையுதிர்காலத்துச் சரக்கு. அப்போ இது ஒவ்வொரு வருஷமும் கொழுத்து, ஒவ்வொரு வருஷமும் இளைக்குது. கோடையில செத்துப்போகுது. மறுபடி இலையுதிர்காலத்துல பொறக்குது." நிமிர்ந்தார். "வெண்கலம் அப்படிச் செய்யாது, கோமுஷி. மண்ணுல விளையறதுதான் அப்படிச் செய்யும்."

லாயத்துக்குத் திரும்பி ஓடினோம். ஓடியது நான். அவர் நொண்டிக்கொண்டே வந்தார்.

"அம்மா இனாமே, உங்க வீட்டுலேர்ந்து மாளிகைக்கு என்னென்ன போகும்?"

"எங்களை விட்டா மத்த எல்லாம் போகும்" என்றாள். "துணி போகும், தினை போகும், இவரு போனாரு. அப்புறம் ஒரு முள்ளங்கி."

"ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு. ஏரிக்கரை மண்ணு, எங்க தோட்டத்துல தொடை மொத்தத்துக்கு விளையும். இலையுதிர்காலம் வந்தா தாமுகே ஐயாவே நேர்ல வருவாரு. பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒவ்வொண்ணையும் தட்டுவாரு, உருட்டுவாரு, மோந்து பாப்பாரு. இருக்கறதுலயே பெருசா ஒண்ணை எடுத்து ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டுப் போவாரு. முன்னாடி ஒரு காவக்காரன், பின்னாடி ஒரு காவக்காரன். எங்க கல்யாண ஊர்வலத்துலகூட அவ்வளவு மரியாதை இல்ல."

"சமைக்கவா?"

"அதான் எனக்கும் புரியல. மாளிகைச் சமையல்காரி என் தங்கச்சி. அந்த முள்ளங்கி சமையலறைக்கு வந்ததே இல்லையாம்."

தாரிஹிதோ எழுந்தார். முட்டி படபடவென்று சத்தம் போட்டது. முகத்தில் மட்டும் வலி இல்லை.

தாமுகேயின் வீடு மாளிகையின் பின்னால், வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில். நாங்கள் போனபோது அவர் பின்கட்டுக் கொட்டகையில் ஒரு மணல் குழியின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். பனிக்காலத்துக்குக் காய்கறி புதைத்து வைக்கும் குழி. முட்டை மேல் கோழி உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க" என்றார் தாரிஹிதோ.

"கால் மரத்துப்போச்சு."

"கோமுஷி, அவருக்கு உதவி செய்."

அவரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மணலைக் கிளறினேன். முழங்கை ஆழத்தில் கை துணியில் பட்டது. ஊதாப் பட்டு. மெல்ல வெளியே எடுத்து விரித்தேன்.

உள்ளே ஒரு முள்ளங்கி. முழு முள்ளங்கிகூட இல்லை. வெட்டி வெட்டி வாலுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட அடித்துண்டு. தோல் சுருங்கி, ஒரு பக்கம் அழுகத் தொடங்கியிருந்தது. வெட்டுமுகத்தில் மசி ஊறிச் சிவந்த நாலு சித்திர எழுத்துகள், தலைகீழாகச் செதுக்கப்பட்டு: சுவா மாகாண முத்திரை. இடது மூலையில் நத்தை கடித்த வளைவு.

"முகம் காய்ஞ்சா ஒரு வில்லை வெட்டி எறிஞ்சிட்டு, மறுபடி செதுக்குவேன்" என்று தாமுகே அழுதார். "அடிப்பக்கம் போகப் போகச் சின்னதாயிடும். என் கை குத்தம் இல்லீங்க. அது முள்ளங்கியோட குணம்."

சிரிப்பை அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. பத்து வருடத்து வரி, வழக்கு, வழிச்சீட்டு, தண்டனை எல்லாம் அந்தத் துண்டின் கீழ் நடந்திருக்கின்றன. மனிதர்களை நாடு கடத்தியிருக்கிறது முள்ளங்கி.

வாசலில் நிழல் விழுந்தது. ஆளுநர் ஒகிமோரி. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. பட்டையும் முள்ளங்கியையும் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அவர் உருண்டையாகத் தெரியவில்லை. காற்று இறங்கிய தோல்பை மாதிரி இருந்தார்.

"வெண்கல முத்திரை எங்கே?" என்றார் தாரிஹிதோ.

"வரவே இல்ல."

"எப்போ வர வேண்டியது?"

"மாகாணம் பொறந்தப்போ. பெட்டி வந்துச்சு. திண்டு வந்துச்சு. முத்திரை வரல. அனுப்புங்கன்னு எழுதினேன். முத்திரையில்லாத கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாதுன்னு பதில் வந்துச்சு."

"அப்புறம்?"

"முத்திரை இல்லாததாலதான் முத்திரை கேக்கறோம்னு எழுதினேன். அதுலயும் முத்திரை இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"அந்தச் சமயம் தாமுகே முள்ளங்கி நறுக்கிக்கிட்டிருந்தான். ஒண்ணு செதுக்கச் சொன்னேன். ஒரே ஒரு தடவைக்குத்தான்னு நெனச்சேன். அந்தக் கோரிக்கையில குத்தி அனுப்பினோம். உடனே பதில் வந்துடுச்சு. அவ்வளவு வேகமா நாராவுலேர்ந்து எதுவுமே வந்ததில்ல."

"என்னன்னு?"

ஒகிமோரி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். அத்தனை வருடமும் தூக்கத்தில் படித்திருப்பார் போல. "'முத்திரையிட்ட தங்கள் கோரிக்கை கிடைத்தது. தங்களிடம் முத்திரை இருப்பது இதனால் தெளிவாகிறபடியால், மற்றொன்று வழங்குவதற்கில்லை.'"



"சரி" என்றார் தாரிஹிதோ. "உஷிதே எதைக் காவல் காத்தான்?"

"பெட்டியை."

"காலிப் பெட்டியை."

"காவல் இல்லாட்டி, உள்ள ஏதோ இருக்குன்னு யாரு நம்புவா?" ஒகிமோரி இதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். வானம் நீலம் என்பது போல.

அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. நெருப்பில்லாத பனிக்கால அறையும், சுவரைப் பார்த்து நின்ற மனிதனும் மனசில் வந்துவிட்டார்கள்.

"எல்லாத்தையும் எழுதப்போறேன்" என்றார் தாரிஹிதோ. "உஷிதேயை அவுத்து விடுங்க."

ஒகிமோரி சிரித்தார். காற்று திரும்ப நிரம்பத் தொடங்கியது. "எழுதுங்களேன். பத்து வருஷமா முள்ளங்கியைத் தலையில வச்சுக் கொண்டாடினது யாரு? உங்களை அனுப்பினவங்க. அவங்க மூஞ்சியில முள்ளங்கியைத் தேய்ச்சா, உங்களைத் தடவிக் குடுப்பாங்களா? அது இருக்கட்டும். அரசாங்க முத்திரையைப் போலியா செய்யறது என்ன குத்தம்னு உங்களுக்குத் தெரியும். நான் மாட்டுவேன். தாமுகே மாட்டுவான். அப்புறம் போலி முத்திரைக்குச் சரக்கு குடுத்த கூட்டாளி."

"யாரு கூட்டாளி?"

"முள்ளங்கி வளர்த்தவ. உங்க உஷிதேயோட பொண்டாட்டி."

பொய் எழுதினால் புருஷன் தீவுக்குப் போவான். உண்மை எழுதினால் பெண்டாட்டி போவாள். இந்த ஆள் இந்தக் குளிரில் பத்து வருடம் தாக்குப்பிடித்தது எப்படி என்று எனக்குப் புரிந்தது.

என் எஜமானர் மணல் குழியின் விளிம்பில், தாமுகே அமர்ந்திருந்த அதே இடத்தில், மெல்ல உட்கார்ந்தார். முள்ளங்கியை உருட்டிப் பார்த்தார். விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"தாமுகே, இதை வச்சு இன்னொரு உத்தரவுல குத்த முடியுமா?"

"முடியாதுங்க. கூழாயிடும்."

"அப்போ பயன்பாட்டுக்குத் தகுதியில்ல."

"இல்லீங்க."

"தேய்ஞ்சு உருக்குலைஞ்ச முத்திரையை மேலதிகாரி முன்னிலையில அழிச்சிட்டு, அழிச்சாச்சுன்னு எழுதிடலாம். விதி அப்படித்தான். இல்லையா, ஆளுநரே?"

ஒகிமோரியின் கண்கள் மெல்ல விரிந்தன. "வெண்கலம்னு எழுதுவீங்களா?"

"முத்திரைன்னு எழுதுவேன். என்னத்துல செஞ்சதுன்னு பத்து வருஷமா கேக்காதவங்க இப்ப கேக்கப் போறதில்ல."

"ஆஹா!" ஒகிமோரி தொடையில் தட்டினார். "எரிச்சிடலாமா? பொதைச்சிடலாமா?"

"பச்சை முள்ளங்கி எரியாது. பொதைச்சா முளைக்கும். உங்க மாகாணத்தை நம்பி அந்த மாதிரி காரியம் செய்ய முடியாது." தாரிஹிதோ எழுந்தார். "சாப்பிடுங்க."

"என்னது?"

"என் முன்னிலையில. லாயத்துக்கு முன்னாடி வச்சு."

இனாமேதான் வெட்டினாள். மசி ஊறிய முகப்பைச் சீவி அடுப்பு நெருப்பில் போட்டாள். அழுகின பக்கத்தைச் சீவுவாள் என்று ஆளுநர் எதிர்பார்த்தார்.

"அதையும் எடுத்துடும்மா."

"பத்து வருஷம் எங்களைத் தின்னதே செரிச்சிடுச்சு. இது செரிக்காதா உங்களுக்கு?"

உப்பில்லை, காரமில்லை. ஒகிமோரி துண்டு துண்டாக விழுங்கினார். ஒவ்வொரு துண்டுக்கும் தாரிஹிதோ தலையை ஆட்டினார். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். நான் ஏற்கெனவே சுவா மாகாணத்தைக் கால்சட்டையில் சுமப்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். கடைசித் துண்டு தொண்டையில் இறங்கியதும், சுவா மாகாணம் முறைப்படி முடிந்தது.

தாரிஹிதோ அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: மாகாண முத்திரை நாட்பட்ட உபயோகத்தால் உருக்குலைந்து, என் முன்னிலையில் அழிக்கப்பட்டது. திருட்டு ஏதும் நிகழவில்லை. காவலன் உஷிதே குற்றமற்றவன். பிறகு உஷிதேயை அவிழ்த்துவிட்டு, ஒகிமோரியை வாசலுக்கு அழைத்துப்போய், ஷினானோ ஆட்களும் ஊர் ஜனங்களும் கேட்க அதை உரக்கப் படிக்கச் சொன்னார். அவர் படித்தார். நடுவில் ஏப்பம் வந்தது.

"திருடலைன்னா இவரை ஏன் அடிச்சீங்க?" என்று இனாமே கூட்டத்திலிருந்து கேட்டாள்.

ஒகிமோரி தாளைப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. அவர் தலை குனிந்தது. இன்னும் குனிந்தது. கடைசியில் சேற்றில் முட்டி போட்டு, ஒரு காவலனுக்கு முன்னால், நெற்றி தரையில் படும்படி குனிந்தார். உஷிதே பதறிப்போய் தானும் குனியப் பார்த்தான். இனாமே அவன் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

கூட்டம் கலைந்த பிறகு தாரிஹிதோ உஷிதேயைத் தனியே அழைத்துப் போனார். அறிக்கையில் எழுத முடியாததை, அவன் காத்த பெட்டி பத்து வருடமும் காலியாக இருந்ததை, அவனிடம் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. நான் கொஞ்சம் தள்ளிக் குதிரைக்குச் சேணம் கட்டுவதுபோல நின்றேன். உஷிதே கத்துவான், அல்லது அழுவான் என்று நினைத்தேன்.

"சுவரைப் பாத்து நிக்கச் சொன்னப்பவே நான் திரும்பிப் பாத்திருக்கணும், இல்லீங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டான்.

தாரிஹிதோவுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும். இதற்கு மட்டும் குதிரையைக் கொண்டுவரச் சொன்னார்.

அதற்குள் ஷினானோ ஆட்கள் கயிற்றோடு உள்ளே நுழைந்துவிட்டார்கள். அவர்களின் தலைவன் ஓலைச் செருப்பில் மீன் செதில் ஒட்டியபடி உஷிதேயிடம் வந்தான்.

"நீதானே காவக்காரன்? குத்தமில்லைன்னு படிச்சாங்களே. நல்லதாப் போச்சு. இந்த மாளிகைக்கு இனிமே ஆள் வரமாட்டாங்க. ஆனா காவல் வேணும். நீயே இருந்துக்கோ."

உஷிதே மாளிகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அவன் வாழ்க்கையில் முதல் முறையாக, காவலுக்கு நிற்கும் முன் ஒரு கேள்வி கேட்டான்.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் ஷினானோவுக்கு எடுத்துட்டுப் போறோம்."

"அப்படின்னா காவல் வேணாங்க" என்று சொல்லிவிட்டு, இனாமேயின் தோளில் கை போட்டுக்கொண்டு, ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தான்.